ஒற்றை மெட்டியும் ஒரு மெட்டல் டிடெக்டரும்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவளம் கடற்கரையில் என் மனைவியின் இடது கால் மெட்டி தொலைந்துபோனது. அலையில் நிற்கும்போது காலடி மணல் குறுகுறுவென்று அரித்துக்கொண்டு போகுமே, அந்த நேரத்தில் விரலிலிருந்து உருவிக்கொண்டு போயிருக்கிறது. "ஏங்க, மெட்டி!" என்று அவள் கத்தி, நான் குனிவதற்குள் மூன்று அலை வந்து போய்விட்டது. ஈர மணலை அள்ளி அள்ளிப் பார்த்தோம். பக்கத்துப் பஜ்ஜிக் கடை அக்காவும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து தேடினார். கிடைத்தது ஒரு கிளிஞ்சல், ஒரு சோடா மூடி.

வீடு திரும்பும் வழியில் மச்சினன்தான் ஆரம்பித்து வைத்தான். "மாமா, யூட்யூப்ல ஒரு வெள்ளைக்காரன் குச்சியை ஆட்டிக்கிட்டே நடக்கிறான். கீங் கீங்னு சத்தம் வருது. தோண்டினா தங்கக் காசு. நாமளும் ஒண்ணு வாங்கிடலாம். மெட்டியும் கிடைக்கும், மிச்சத்துக்குப் புதையலும் கிடைக்கும்."

மெட்டிக்காக என்று சொன்னாலும், புதையல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த பத்து வயதுப் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு பல மாதம் படித்தது, ஏமாந்தது, வெயிலில் நடந்தது எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பதிவு. தாம்பரம் பக்கம் இருந்துகொண்டு குறைந்த செலவில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்களுக்கு, நான் கொடுத்த கல்விக் கட்டணம் மிச்சமாகட்டும்.

முதல் பெட்டி

நான் முதலில் வாங்கியது ஆன்லைனில் கிடைத்த ஒரு மஞ்சள் பெட்டி. பெயர் வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்தான். "தங்கம், வெள்ளி, வைரம்" என்று அட்டையில் படம் போட்டிருந்தது. வைரம் உலோகமே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு இரும்புலியூர். அந்த ஊர்ப் பெயரின் முதல் நான்கெழுத்தை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். தெருமுனையில் தெரிந்தவருக்குச் சொந்தமான காலி மனையில், அவரிடம் கேட்டுக்கொண்டு பெட்டியை இயக்கினேன். ஒரு அடி வைத்தால் ஒரு கத்தல். தோண்டினால் கட்டுக்கம்பி. அடுத்த அடி, ஆணி. அடுத்தது மறுபடி கட்டுக்கம்பி. தென்சென்னைப் புறநகரில் காலி மனை என்றால் பக்கத்து வீடுகளெல்லாம் கட்டப்பட்டபோது ஜல்லி கொட்டிய இடம், கம்பி வளைத்த இடம் என்று அர்த்தம். ஒரு மணி நேரத்தில் கால் கிலோ இரும்பு சேர்ந்தது. பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தால் ஒரு டீ செலவுக்குத் தேறியிருக்கும்.

பெட்டி மேல் முழுப் பழியையும் போட முடியாது. அது என்ன செய்கிறது என்று தெரியாமல் வாங்கியது நான்தான்.

குச்சியின் அடியில் நடப்பது என்ன

கருவியின் கீழே இருக்கும் தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. காயில் என்பார்கள். அதில் மாறு மின்னோட்டம் ஓட, மண்ணுக்குள் ஒரு காந்தப் புலம் விரிகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் குட்டிக் குட்டியாகச் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த ஓட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடித்து, எவ்வளவு வலு, எவ்வளவு தாமதம் என்று பார்த்துக் கருவி ஒரு எண்ணையும் சத்தத்தையும் தருகிறது. வெள்ளி, செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்துக்குப் பெரிய எண். இரும்புக்குச் சின்ன எண்.

இதில் முதல் பாடம் ஆழம். போகிற புலமும் வலு குறைந்துகொண்டே போகிறது, திரும்புகிற புலமும் அப்படியே. சின்னப் பொருள் காயிலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால், தூரம் இரண்டு மடங்காகும்போது திரும்பி வரும் சமிக்ஞை ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் நல்ல கருவிகூட ஒரு நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் கண்டுபிடித்தால் பெரிய விஷயம். "இருபது அடி ஆழத் தங்கத்தைக் காட்டும்" என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம், கருவி உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. பொருளின் அளவு, வடிவம், கடத்துதிறன் எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்கிறது. தங்க மோதிரமும், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும், குளிர்பான டின்னின் இழுப்பு வளையமும் பெரும்பாலும் ஒரே எண் வட்டாரத்தில் வந்து நிற்கும். குப்பையை ஒதுக்கும் வசதி என்று விற்கிறார்களே, அதைப் போட்டு அலுமினியத் தாளை ஒதுக்கினால் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கினீர்கள் என்று பொருள். இந்தப் பொழுதுபோக்கில் குப்பை பொறுக்காமல் மோதிரம் கிடையாது.

ஜோடி மெட்டியைப் புதைத்த கதை

மஞ்சள் பெட்டி மூலைக்குப் போன பிறகு, மச்சினனுக்கு ஒரு யோசனை வந்தது. "தொலைஞ்ச மெட்டி எப்படிச் சத்தம் போடும்னு முதல்ல தெரிஞ்சுக்கணும் இல்ல மாமா? அதோட ஜோடி வீட்லதானே இருக்கு."

மனைவி ஒற்றை மெட்டியைக் கொடுக்கும்போது பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "இதையாவது தொலைக்காம வையுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுப் பின்பக்கம், கொய்யா மரத்தடியில் சோதனைப் பாத்தி ஒன்று போட்டோம். கருவி வாங்கும் எல்லாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். தெரிந்த பொருளைத் தெரிந்த ஆழத்தில் புதைத்து, நோட்டில் படம் வரைந்துகொள்ளுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசுத் துண்டு, ஒரு ரூபாய், சோடா மூடி, ஆணி. அந்தப் பாத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

மோதிரம் முழு வட்டம். சுழல் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிவர வழி இருப்பதால் கணீரென்று கத்தும். மெட்டியோ விரலுக்கு ஏற்றபடி நெருக்கிக்கொள்ள வாய் திறந்திருக்கும் வளையம். வட்டம் அறுந்த இடத்தில் ஓட்டமும் அறுந்துவிடுகிறது. வெள்ளியே ஆனாலும் எண் இறங்கி, சத்தம் மெலிந்துவிடும். கொலுசு இன்னும் மோசம். கருவிக்கு அது ஒரு கொலுசு இல்லை, ஒன்றோடொன்று சரியாகத் தொடாத ஐம்பது பொடி வளையங்கள். மெல்லிய தங்கச் சங்கிலியும் அப்படித்தான். மூக்குத்தித் திருகாணி சாதாரணக் கருவிக்குக் கண்ணிலேயே படாது. அதற்கெல்லாம் உயர் அதிர்வெண் வேண்டும். பொடித் தங்கம் தேடுபவர்களுக்கென்றே மைன்லேப் நிறுவனம் செய்த கோல்ட் மான்ஸ்டர் 1000 கருவி 45 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. பொதுவான பொழுதுபோக்குக் கருவிகள் பெரும்பாலும் 6-லிருந்து 15 கிலோஹெர்ட்ஸுக்குள்தான்.

அடுத்த அதிர்ச்சி நம்ம ஊர் நாணயம். வெளிநாட்டுக் கருவிகளின் திரையில் அமெரிக்கக் காசுக்கு ஏற்றபடிதான் எண்களைப் பிரித்திருப்பார்கள். நம் 10, 25, 50 பைசாக்கள் 1988-லும், ஒரு ரூபாய் 1992-லும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறின. அது காந்தத்தில் ஒட்டும் எஃகு. காந்தத்தை ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தாவிப் பிடிக்கும். ஆகவே "இரும்பை ஒதுக்கு" என்று கருவியில் அமைத்துவிட்டு நம் கடற்கரையில் நடந்தால், கடந்த முப்பது வருஷத்துச் சில்லறையில் பெரும்பகுதி சத்தமில்லாமல் காலடியிலேயே கிடக்கும். என் பாத்தியில் ஒரு ரூபாய் ஒரு வீச்சில் இரும்பு என்றது, மறு வீச்சில் வெள்ளி என்றது. சோடா மூடியும் அச்சு அசல் அதே நாடகம். வாங்கும் முன் ஒரு ரூபாயையும் சோடா மூடியையும் கடைக்குக் கொண்டுபோய் ஆட்டிப் பாருங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

உப்பும் கருமணலும்

கடற்கரைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால் விலையை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான கருவிக்கு ஈர மணல் முழுவதும் ஒரு பெரிய உலோகத் தகடாகத் தெரியும். காய்ந்த மணலில் சமர்த்தாக இருந்த என் மஞ்சள் பெட்டி, அலை நனைத்த கோட்டைத் தாண்டியதும் ஒப்பாரி வைத்தது. மெட்டி தொலைந்ததோ ஈர மணலில்.

போதாக்குறைக்கு நம் கரையில் ஆங்காங்கே கருமணல் படிந்து கிடக்கும். அதில் இல்மனைட், மேக்னடைட் போன்ற இரும்புச் சத்துள்ள கனிமங்கள் உண்டு. உள்ளே வந்தாலும் தப்பவில்லை. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் நீலக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர் அது. அந்தப் பாறையிலும் மேக்னடைட் கலந்திருக்கும். நம் பக்கத்து மனைகளில் கொட்டியிருக்கும் ஜல்லியெல்லாம் இந்த மாதிரிக் கல்தான். உலோகமே இல்லாத இடத்தில் கருவி முனகினால், கீழே ஒரு கருங்கல் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைச் சமாளிக்கத்தான் தரைச் சமன் என்ற வசதி. மண்ணின் முனகலைக் கருவிக்குக் கேட்க வைத்து, "இதைக் கணக்கில் எடுக்காதே" என்று சொல்லிவைப்பது. விலை குறைந்த கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் வைக்கப்பட்டிருக்கும். அது நம் மண்ணுக்குப் பொருந்தினால் அதிர்ஷ்டம்.

சரி, எதை வாங்குவது?

நான் பார்த்தவரை சந்தையில் மூன்று படிகள் இருக்கின்றன.

கீழ்ப்படி, சில ஆயிரம் ரூபாய்ச் சீனப் பெட்டிகள். குழந்தைகளோடு சோதனைப் பாத்தியில் விளையாடலாம், தோட்டத்தில் விழுந்த சாவி தேடலாம். கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நடுப்படியில் கேரட் நிறுவனத்தின் ஏஸ் வரிசை போன்றவை. ஏஸ் 250 என்பது 6.5 கிலோஹெர்ட்ஸ், ஏஸ் 300 என்பது 8. எடை குறைவு, பழக எளிது, கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி போதும். காயில் தண்ணீரில் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது. தரைச் சமனைக் கையால் மாற்ற முடியாது. காய்ந்த மணல், விளையாட்டுத் திடல், வயல் என்றால் தாராளமாகப் போதும்.

மேல்படியில், ஆனால் இன்னும் பொழுதுபோக்கு விலைக்குள், இரண்டு வகை. துருக்கியின் நோக்டா செய்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ் முழுக் கருவியுமே 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீரில் மூழ்கலாம். 12 கிலோஹெர்ட்ஸ், 11 அங்குலக் காயில், தரைச் சமன் பட்டன் உண்டு. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் செய்யும் வான்குவிஷ் வரிசை ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கும். உப்பின் குரலையும் உலோகத்தின் குரலையும் பிரிப்பதில் அந்த முறைக்குத்தான் பலம். ஆனால் நான் பார்த்த மாடல்களின் பெட்டி மழைக்கும் அலைக்கும் ஆகாது. அலைக்குள் இறங்குபவருக்கு முதலாவது, ஈர மணலில் மட்டும் நடப்பவருக்கு இரண்டாவது என்பது என் கணக்கு.

நான் கடைசியில் வாங்கியது பழைய சிம்ப்ளெக்ஸ். துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் இரண்டு தடவை பயன்படுத்திவிட்டுப் பரணில் போட்டிருந்தார். இந்தப் பொழுதுபோக்கில் பழைய கருவி வாங்குவது புத்திசாலித்தனம். பாதிப் பேர் மூன்றாவது வாரமே நிறுத்திவிடுவார்கள், அதனால் கருவி புதுசாகவே இருக்கும். காயிலில் விரிசல் இருக்கிறதா, காயில் ஒயரை ஆட்டினால் பொய்ச் சத்தம் வருகிறதா, சார்ஜ் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பின்பாயின்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கைவிளக்கு அளவில் இருக்கும். தோண்டிய குழிக்குள் நுழைத்தால் பொருள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். இல்லாவிட்டால் ஒரு ரூபாய்க்குக் குழி வெட்டி அரை மணி நேரம் துழாவ வேண்டும். மண்ணுக்கு ஒரு களைக்கொத்து போதும். மணலுக்கு வெளிநாட்டு ஸ்கூப் விலையைப் பார்த்துவிட்டு நான் வீட்டுப் பூரிச் சட்டியின் ஜல்லிக்கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மணல் அழகாக உதிர்கிறது. அது காயிலுக்குப் பக்கத்தில் வந்தால் கருவி கத்தும் என்பது ஒரு குறை. அன்று சாயங்காலம் பூரி சுடும்போது கரண்டியைக் காணோம் என்பது அதைவிடப் பெரிய குறை.

கைவேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ரிச்சி தெருவில் 555 ஐசி, ஒரு மாஸ்ஃபெட், ஒரு ஆப்-ஆம்ப், கொஞ்சம் எனாமல் கம்பி வாங்கினால் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி ஒன்றைச் சுற்றிவிடலாம். உப்பு மணலில்கூட அது அலட்டிக்கொள்ளாது. ஆனால் இரும்பா வெள்ளியா என்று பிரித்துச் சொல்லாது. இரும்புலியூர்க்காரன் நான், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன்.

தங்கம் காட்டும் ஆண்டெனா

"லாங் ரேஞ்ச் லொக்கேட்டர்" என்று ஒன்று விற்கிறார்கள். கைப்பிடியில் ஒரு ஆண்டெனா ஆடும். அரை கிலோமீட்டரில் தங்கம் இருந்தால் அந்தப் பக்கம் திரும்புமாம். நம்பாதீர்கள். இதே வித்தையில் உலகை ஏமாற்றிய ஏடிஇ 651 என்ற "வெடிகுண்டு கண்டுபிடிப்பான்" கதையைத் தேடிப் படியுங்கள். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை அடிப்படையாக வைத்துச் செய்த வெற்றுக் கைப்பிடி அது. ஈராக் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்றவர்கள் இருந்தார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டிஷ் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. நம் ஊரில் ரைஸ் புல்லிங் கலசம், இரிடியம் என்று வரும் கும்பலும் இதே குடும்பம்தான். அரிசியை இழுக்கும் செம்பு உங்கள் பணத்தைத்தான் இழுக்கும்.

புதையல் கிடைத்தால்?

மச்சினனின் அடுத்த திட்டம், பல்லாவரம். "வெள்ளிக்கிழமைச் சந்தையில பழைய காசு அவ்வளவு விக்குதே மாமா. எல்லாம் இந்த மண்ணுல கிடைச்சதாத்தானே இருக்கும்?"

அவனைச் சந்தைக்கே கூட்டிப் போனேன். கிராமபோன், பித்தளைக் குத்துவிளக்கு, கால் அணா, பழைய ரேடியோ என்று பரப்பி வைத்திருந்தார்கள். பழைய காசு ஆசை என்றால் அங்கேயே பேரம் பேசி வாங்கிவிடலாம் என்றேன். பல்லாவரத்து மண்ணில் தோண்டுவது வேறு சமாச்சாரம்.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் செம்மண் சரளைக்கு நடுவே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கப்பட்ட கற்கருவி. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகம் தெரிந்துகொண்டது அந்தக் கல்லால்தான். 1880-களில் அலெக்ஸாண்டர் ரியா இதே பல்லாவரத்தில் சுடுமண் ஈமப் பேழை ஒன்றை எடுத்தார். செங்கற்பட்டு வட்டாரம் முழுக்கப் பெருங்கற்காலக் கல்வட்டங்களும் தாழிகளும் பரவிக் கிடக்கின்றன. பல இடங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று 2010 சட்டத் திருத்தம் சொல்கிறது. பல்லாவரத்தில் மனை வாங்கியவர்களைக் கேட்டால் இந்த மீட்டர் கணக்கைத் தூக்கத்திலும் சொல்வார்கள். வீடு கட்டவே இந்தக் கெடுபிடி என்றால், களைக்கொத்தோடு போகிறவன் கதி என்ன?

இதில் ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். நம் பகுதியின் ஆகப் பெரிய புதையல் ஒரு கல். அடுத்தது சுட்ட மண். இரண்டுக்கும் எந்த மெட்டல் டிடெக்டரும் கத்தாது. கருவி கத்துவது தாழிக்குள் வைத்த இரும்புக் கத்திக்கு. துருப்பிடித்த இரும்பு என்று நாம் அதைப் பிடுங்கித் தூர எறிந்தால், அது எந்தப் பானைக்குப் பக்கத்தில், எந்த எலும்புக்கு அருகில் கிடந்தது என்ற சேதி அதோடு செத்துவிடும்.

சட்டமும் சுருக்கமாக. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்த நாளில் என்று. பொருளைக் கருவூலத்தில் கட்ட வேண்டும் அல்லது ஜாமீன் கொடுக்க வேண்டும். உரிமை கோருவோர் வர அறிவிப்பு போடுவார்கள். உரிமையாளர் யாருமில்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று மூலச் சட்டம் சொல்கிறது. அரசு விரும்பினால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. 100 ஆண்டைத் தாண்டிய நாணயமோ சிலையோ 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்.

நடக்கிற கதையா என்றால், நம் பக்கத்திலேயே நடந்தது. 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கோயிலுக்கே வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள். கடைசியில் வருவாய்த் துறை அதிகாரிகள் போலீஸோடு வந்துதான் கருவூலத்துக்கு எடுத்துச் சென்றார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் வாய் பிளந்து பார்க்கும் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை இந்த 1878 சட்டத்தின் வழியாக வந்தவைதான். யாரோ ஒரு உழவர், யாரோ ஒரு கிணறு வெட்டியவர், போய்ச் சொன்னதால் வந்தவை.

இங்கிலாந்தில் இது பெரிய பொழுதுபோக்கு. அங்கே 1992 நவம்பரில் ஹாக்ஸன் என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியோடு போனார். ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும், கிட்டத்தட்ட 15,000 நாணயங்கள் கிடைத்தன. கொஞ்சம் எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பதிவு செய்து எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது 15,000 காசு இல்லை. அவர் தேடிப் போனது சுத்தியல்.

ஆகவே என் விதி இது: நேற்று தொலைந்ததைத் தேடு, பழையது தட்டுப்பட்டால் கையை எடு. அதற்குத் தோதான இடம் ஆட்கள் கூடும் கடற்கரை. ஏரிக்கரை, கோயில் நிலம், காட்டு நிலம் வேண்டாம். தாம்பரம் விமானப்படைத் தளம், பல்லாவரம் ராணுவ நிலம் பக்கம் இந்தக் குச்சியோடு தலைகாட்டவே வேண்டாம். இரவிலும் வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிடும். 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றிவரும் மணலில் நாம் குழி பறிக்கக் கூடாது. பறித்த குழியை மூடிவிட்டு வருவது அடிப்படை மரியாதை.

ஞாயிற்றுக்கிழமைகள்

அதன் பிறகு பதினோரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோவளம் போனோம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில், ஈர மணலில், காயிலைத் தரையோடு தரையாக, கரைக்கு இணையாக ஒரு கோடு, திரும்பி இன்னொரு கோடு. வலைக்காரர் ஒருவர் சொன்னார்: "கனமான சாமான் மணலோட போகாது தம்பி. கடல் கரையை வெட்டின இடத்துல பாரு." அப்படிப் பார்த்தபோதுதான் சில்லறை அதிகம் கிடைத்தது. மொத்த வரவு: நாற்பது ரூபாய்ச் சொச்சம், இரண்டு சாவிக் கொத்து, ஒரு தூண்டில் ஈயக்குண்டு, ஒரு செப்புத் தாயத்து, கணக்கில்லாத சோடா மூடிகள். மூடிகளைப் பையில் போட்டுக் குப்பைத் தொட்டியில் சேர்த்தோம்.

பையில் எப்போதும் அந்த ஒற்றை மெட்டி இருக்கும். கிளம்பும் முன் அதை மணலில் போட்டு ஒரு தடவை காயிலை ஆட்டிக் காதுக்கு நினைவுபடுத்திக்கொள்வேன். எண் 43-லிருந்து 47-க்குள்.

ஒன்பதாவது ஞாயிறு, அந்தச் சத்தம் வந்தது. 45. மறு வீச்சு, 46. மச்சினன் மூச்சு விடவில்லை. ஜல்லிக்கரண்டியில் மூன்றாவது அள்ளலில் மணல் உதிர, கறுத்துப்போன ஒரு வெள்ளி வளையம் மிஞ்சியது. மெட்டிதான். வாய் திறந்த மெட்டி.

ஆனால் எங்களுடையது பூப்போட்டது. இது மூன்று சுற்று நெளி. வேறு யாரோ ஒருத்தி, வேறு ஏதோ ஒரு அலையில், அதே மாதிரி கத்தியிருக்கிறாள்.

கீழே கிடந்ததை எடுத்தவனுக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டப்படி, அவன் உரியவருக்காகப் பாதுகாத்து வைக்க வேண்டியவன். சட்டம் தெரியாவிட்டாலும் அதை வீட்டுக்கு எடுத்துப் போக மனசு வரவில்லை. மெட்டி இல்லையா. பஜ்ஜிக் கடை அக்காவிடம் கொடுத்தேன். அவர் கழுவிப் பார்த்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்து, கடைக் கம்பத்து ஆணியில் மாட்டினார். "கேட்டு வந்தா குடுக்கிறேன் தம்பி. அடையாளம் சொல்லாமக் குடுக்க மாட்டேன்."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி புது மெட்டி வாங்கி மாதங்கள் ஆகிவிட்டன. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணும் ஒத்தை மெட்டியை வச்சுக்கிட்டுத்தான் இருப்பா" என்றாள். பிறகு, "நம்மளுது எந்தக் கடை ஆணியில தொங்குதோ, அடுத்த வாரம் பக்கத்துக் கடையிலயும் கேட்டுட்டு வாங்க. கரண்டியை மட்டும் இங்கயே வச்சிட்டுப் போங்க."